போட்டோவுக்குப் படுத்தவர்

என் அண்ணனுக்குக் கொடுக்க மறுத்த ரத்தத்தை அந்த மனிதரின் கையிலிருந்து நானே எடுத்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன், நிம்மதியாகத் தூங்கினேன்.

அவர் பட்டாசுக் கம்பெனி முதலாளி. அண்ணன் அவரிடம் வெடிக்குள் மருந்து செலுத்தும் வேலை பார்த்தான். சீசன் நேரத்தில் அறை வெடித்து, உடம்பெல்லாம் வெந்து ஆஸ்பத்திரிக்கு வந்தான். அவனுக்கு நெகட்டிவ் குரூப், லேசில் கிடைக்காது. தாயில்பட்டி, சாத்தூர் என்று அலைந்து ஓய்ந்தபோது கம்பெனி போர்மேன்தான், "மொதலாளிக்கும் அதே குரூப்தாம்மா" என்று காதோடு சொன்னார்.

மறுநாள் முதலாளி ஆப்பிள் பையோடு வந்து வார்டு வாசலில் நின்றார். நான் அப்போது நர்சிங் படித்துக்கொண்டிருந்தேன். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

"எனக்கு ஊசின்னாலே ஆகாதும்மா. ஆள் அனுப்பி வைக்கேன், கவலப்படாத" என்றார்.

ஆள் வரவே இல்லை. அண்ணன் போய்விட்டான். ரத்தம் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. காயம் அப்படி. ஆனால் நான் கேட்டேன், அவர் தரவில்லை. எனக்கு அது போதும். அம்மா இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டு அத்தோடு விட்டாள். எனக்குச் சாபத்தில் நம்பிக்கை இல்லை.

படிப்பு முடிந்து விருதுநகரில் ஒரு ரத்த வங்கியில் வேலைக்குச் சேர்ந்தேன். அதற்குள் அவர் பெரிய மனிதர்கள் கூடும் ஒரு சகோதர சங்கத்தின் தலைவராகிவிட்டார். தோளில் வெல்வெட் பட்டை, மார்பில் பதக்கம், ஒருவரையொருவர் கூப்பிடுவது "பிரதர்." வருடா வருடம் கல்யாண மண்டபத்தில் ரத்த தான முகாம் நடத்துவார்கள். முதலில் படுப்பவர் தலைவர்தான். சட்டைக் கையைச் சுருட்டி, ரப்பர் பந்தைப் பிடித்துக்கொள்வார். ஊசியில்லாத வெறும் குழாயைக் கையோடு பிளாஸ்திரி போட்டு ஒட்ட வேண்டும். போட்டோ எடுத்ததும் எழுந்துவிடுவார். இந்த லட்சணத்துக்கு அவருக்கு 'குருதிக் கொடை வள்ளல்' என்று பட்டம் வேறு கொடுத்தார்கள். அந்தப் போஸ்டரை பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த முகாமுக்கு நானே கேட்டு டியூட்டி வாங்கினேன்.

தலைவரை டாக்டர் சோதித்தார். பிரஷர், எடை, எல்லாம் சரியாக இருந்தது. ஒரு குறை இருந்திருந்தாலும் விட்டிருப்பேன். அவர் கொடுத்து வைத்தவர். வந்து படுத்தார். என்னை அடையாளம் தெரியவில்லை.

"வெரசா ஒட்டும்மா, போட்டோக்காரர் நிக்காரு" என்றார் தணிந்த குரலில்.

யாராக இருந்தாலும் ஊசி போடும் முன் சம்மதம் கேட்க வேண்டும். எங்கள் விதி அது. நான் கொஞ்சம் சத்தமாகக் கேட்டேன், அவ்வளவுதான்.

"அண்ணாச்சி, நெசமாவே ரத்தம் குடுக்கீகளா, இல்ல போட்டோவுக்கு மட்டுந்தானா?"

கம்பெனி வேனில் அழைத்துவரப்பட்ட பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். பட்டை போட்ட ஒருவர், "என்ன பிரதர் யோசன? குடுங்க" என்றார்.

"குடுக்கத்தான வந்திருக்கேன்" என்றார் தலைவர். குரல் பிசிறியது.

ஒரே குத்தில் நரம்பு பிடித்தேன். வேண்டுமென்று நோகடிக்கவில்லை, தொழிலில் அந்தத் துரோகம் செய்யமாட்டேன். ஆனால் பயப்படுகிறவர்களிடம் அந்தப் பக்கம் பாருங்கள் என்று சொல்வேன். அவரிடம் சொல்லவில்லை. ஊசியையே பார்த்துக்கொண்டு கிடந்தார். நெற்றி வியர்த்துக் கொட்டியது.

"போதுமாம்மா?"

"இன்னும் பாதிகூட ஆகல அண்ணாச்சி."

அவர் முகத்தை ஆசை தீரப் பார்த்தேன்.

பை நிறைந்து, ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்தியபோது குனிந்து சொன்னேன்: "ஒங்க கம்பெனியில வெந்து செத்தாருல்ல, அவருக்கு ரத்தம் வேணும்னு வார்டு வாசல்ல ஒங்ககிட்ட அழுதேன். அவரு தங்கச்சி நான்."

இத்தனை வருடம் இதற்காகத்தான் காத்திருந்தேன். அவர் பயப்படவில்லை, வெட்கப்படவும் இல்லை. புருவத்தைச் சுருக்கி உண்மையாகவே யோசித்தார்.

"எந்த வெடியிலம்மா? பழைய கம்பெனியிலயா, புதுசுலயா?"

பஞ்சின் மேல் பிளாஸ்திரியை ஒட்டினேன். நேராகப் போய் மைக்கை வாங்கினேன். "தலைவர் அண்ணாச்சிக்குக் கெடைக்காத குரூப். மூணு மாசத்துக்கு ஒருக்கா குடுக்கலாம். இனிமே தவறாம வந்து குடுப்பாக. நானே போன் போட்டு நெனவுபடுத்துவேன்" என்றேன். வேனில் வந்த பெண்கள்தான் முதலில் கைதட்டினார்கள். பிறகு பிரதர்கள் எல்லோரும் தட்டினார்கள்.

அன்றிலிருந்து வருகிறார். வராவிட்டால் சங்கத்துக்கே போன் போடுவேன் என்று அவருக்குத் தெரியும். படுத்ததும் அண்ணனின் பெயரைக் கேட்பேன். முதல் தடவை தெரியாமல் விழித்தார், நான் சொல்லிக்கொடுத்தேன். அவர் வாயால் அதைச் சொன்ன பிறகுதான் ஊசியைக் கையில் எடுப்பேன்.