காலுக்குப் பொருந்திய செருப்பு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கிடைத்த வரலாற்றுப் புத்தகத்தை எல்லாம் படிப்பதும், நடந்ததை நாள் கிழமையோடு குறித்து வைப்பதும்தான் பொழுதுபோக்கு, அதனால் ஆதாரமில்லாததைச் சொல்லக் கூசும். இதைச் சொல்லவும் கூசத்தான் செய்கிறது. நீங்கள் நம்ப வேண்டாம், கேட்டால் போதும்.

திருநெல்வேலியிலிருந்து நானும் செந்திலும் ரபீக்கும் சென்னைக்கு வந்து இறங்கியது ஒரு வியாழக்கிழமை. மூவருக்கும் பெருங்குடியில் வேலை, திங்களன்று சேர வேண்டும், அதற்குள் வீடு பிடிக்க வேண்டும். செந்திலின் அப்பா படுத்த படுக்கை, அவன் சம்பளத்தை நம்பித்தான் வீடே இருந்தது. அவன் மதுரையைத் தாண்டியதே அதுதான் முதல் தடவை. ஒன்றாம் வகுப்பிலிருந்து பழக்கம், எனக்குத் தெரியும். சிறுவயதில் கதவில் நசுங்கி அவன் இடது காலில் சுண்டுவிரல் கிடையாது, அது நடந்தபோதுகூட நான் பக்கத்தில் இருந்தேன்.

சனிக்கிழமை காலை மயிலாப்பூர் கோயிலுக்குப் போனோம். ரபீக் எதிரே பூக்கடை நிழலில் நின்றுகொண்டான். செருப்புக்கு டோக்கன் தருகிற இடத்தில் கூட்டம், செந்தில் தன்னுடையதை மதில் ஓரமாகக் கழற்றிப் போட்டுவிட்டு வந்தான். திரும்பி வந்தால் காணோம். அதே இடத்தில் பழைய தோல் செருப்பு ஒரு ஜோடி கிடந்தது. கோயிலில் செருப்பு தொலைந்தால் பீடை தொலைந்தது என்பார்கள். சனிக்கிழமை பார்த்து வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு, அப்படி விட்டதை யாரும் தொடமாட்டார்கள். ரோடு கொதித்துக்கொண்டிருந்தது, செந்தில் மாட்டிக்கொண்டான்.

"அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு மக்கா."

பூக்காரம்மா தொடுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "அத்த ஏன் நைனா மாட்டிக்கினே? அங்கியே உட்டுட்டுப் போ."

"ஓசியில கெடச்சத பய விடமாட்டான்க்கா" என்றான் ரபீக்.

தி.நகரில்தான் ஆரம்பித்தது. கூட்டத்தில் எதிரே வந்த ஒருவர் செந்திலின் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு அவன் காலடியில் காறித் துப்பினார். அடுத்து ஒரு டீக்கடை. கடைக்காரர் எனக்கும் ரபீக்குக்கும் கிளாஸை நீட்டினார், செந்திலுக்குத் தரவில்லை.

"உனக்கு இங்க டீ கெடையாது. தெரிஞ்சிகினே வந்து நிக்கிற பாரு."

"அண்ணே, நான் ஊருக்குப் புதுசு."

"அன்னிக்கும் இத்தான சொன்ன."

வெளியே வந்ததும் ரபீக், "ஏலே, எங்களுக்குத் தெரியாம எத்தன தடவ மெட்ராஸ் வந்துட்டுப் போயிருக்க?" என்று கிண்டலடித்தான். செந்தில் சிரிக்கவில்லை.

அடையாறில் ஒரு மாடிப் போர்ஷன், போனிலேயே பேசி முடித்தாயிற்று. வீட்டுக்கார அம்மா சிரித்தபடிதான் கேட்டைத் திறந்தார். எங்கள் பின்னால் நின்ற செந்திலைப் பார்த்ததும் அந்த முகம் அப்படியே இறுகிப்போனது. கத்தவில்லை, கத்தியிருந்தால் பரவாயில்லை.

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இந்த வாசல்ல வந்து நிக்கிற?"

"அம்மா, நீங்க ஆள் மாத்திப் பேசுறீங்க."

அவர் எங்களிடம் திரும்பினார். "நீங்க ரெண்டு பேரும் வரலாம். இவன் இந்தப் படி ஏறக்கூடாது."

பக்கத்து வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து செந்தில் செருப்பைக் கழற்றினான். கழற்றியவன் இடது செருப்பை என்னிடம் நீட்டினான். வருஷக்கணக்கில் மிதித்த தோலில் நான்கு விரல்களின் பள்ளம் கறுத்து ஆழமாக இருந்தது. சுண்டுவிரல் பதிய வேண்டிய இடம் மட்டும் தேயாமல் புதுத் தோலாக இருந்தது. அரை நாள் போட்டு நடந்ததில் அப்படிப் பதியாது.

அந்த வெயிலில் வெறுங்காலோடு மயிலாப்பூர் போய், கிடந்த இடத்திலேயே வைத்துவிட்டு, அன்றைக்கே ஊருக்கு ரயிலேறினான். வேலை என்னாகும் என்று கேட்டேன். "இந்த ஊருல நான் என்னமோ பண்ணிருக்கேன் மக்கா" என்றான், அவ்வளவுதான்.

வேறு வீடு அமையவில்லை, நானும் ரபீக்கும் அடையாறுக்கே குடிபோனோம். கீழே அந்த அம்மாவின் கூடத்தில் ஓர் இளம்பெண்ணின் படம், மாலை போட்டு, விளக்கு எரிய. நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. படத்தைப் பற்றி செந்திலிடம் நான் மூச்சு விடவில்லை, ரபீக்கும் சொல்லவில்லை என்று சத்தியம் செய்கிறான்.

செந்தில் இப்போது ஊரில் ஒரு பெயிண்ட் கடையில் இருக்கிறான். போன வாரம் போனில் அப்பா உடம்பு, மழை என்று பேசிக்கொண்டிருந்தவன் சட்டென்று கேட்டான். "மாலதி படத்துக்கு அந்தம்மா இன்னமும் பூ வைக்காங்களா?"

எனக்கு அந்தப் பெண்ணின் பெயரே தெரியாது. படத்தின் கீழே எதுவும் எழுதியிருக்கவில்லை. எதையும் நாலு பேரிடம் விசாரித்துச் சரிபார்க்கிற நான், தினமும் அந்தக் கூடத்தைக் கடந்துதான் மாடி ஏறுகிறேன். அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். இன்னும் கேட்கவில்லை.