சாம்பல் அட்டையில் ஒரு குங்குமப் பொட்டு

இன்று காலை கோலசிலாங்கூர் தோட்டத்தில் ட்ரோனைப் பறக்கவிடும் முன், அந்தச் சாம்பல் நிற அட்டையை வெயிலில் வைத்தேன். கேமராவுக்கு அதுதான் அளவுகோல். முதலில் அதைப் படமெடுத்து, அதோடு ஒப்பிட்டுத்தான் செம்பனை ஓலை எவ்வளவு பச்சை என்று கணக்கிடுவோம்.

அட்டையின் நடுவில் லேசாக ஒரு சிவப்பு வட்டம்.

"குமரன், இது என்ன?"

மூன்று வருடமாக என்னோடு வேலை செய்கிறவன். அட்டையில் விரல் படக்கூடாது என்று எனக்கே சொல்கிறவன்.

"ஆயுத பூசைக்கு வச்ச பொட்டுக்கா. அப்பவே தொடச்சிட்டேன்லா. கண்ணுக்கே சரியா தெரியல, கேமராவுக்கா தெரியப் போகுது?"

தெரிந்திருக்கிறது. பூசைக்குப் பிறகு எடுத்த வரைபடங்களில் எல்லாம் ஓலை வெளிறிக் கிடந்தது. வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் வேலு அண்ணன் உரமே போடவில்லை என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் ஏசினார்.

"சத்தியமா போட்டேன்மா" என்று மண்டோர் என்னிடம் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கேமரா பொய் சொல்லாதுண்ணே" என்றேன் நான்.

குமரன் பக்கத்தில்தான் நின்றான். பொட்டு வைத்ததைச் சொல்லவில்லை.

"சொன்னா நீங்க ஏசுவீங்கன்னு பயம்க்கா" என்கிறான் இன்றைக்கு.

கோபத்தில் ஃபேஸ்புக்கில் அவனுடைய பழைய பதிவைத் தேடி எடுத்தேன். பூசைப் படத்தில் ட்ரோன், பேட்டரி, நடுவில் அந்த அட்டை. பொட்டு பளிச்சென்று தெரிகிறது.

கீழே முதல் லைக் நான் போட்டது.

மண்டோர் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போகிறேன். லைக் போட்ட மற்றவர்களும் வருகிறீர்களா?