தூங்கப் போகும்போது பூசிய கிரீம்

கணவர் இறந்த மறுவருஷம், சென்னையில் வேலை பார்க்கும் மகள் ஊருக்கு வந்தாள். என் முகச் சுருக்கத்தைப் பார்த்துவிட்டு ரெட்டினால் கிரீம் ஒன்றைக் கொடுத்தாள்.

"தூங்கப் போகயில கொஞ்சமாப் பூசும்மா. விடாமப் பூசுனாத்தான் பலன் தெரியும்."

நான் பாம்பன் கரையில் கருவாடு போடுகிறவள். விடியுமுன்பே படகுகள் வந்துவிடும். மீனைக் கீறி, உப்பிட்டு, மணலில் காயப்போட்டுவிட்டு முற்பகலில்தான் படுப்பேன். கிரீமையும் அப்போதுதான் பூசினேன். மதியம் எழுந்து, முகம்கூடக் கழுவாமல், கருவாட்டைப் புரட்ட வெயிலுக்குப் போய்விடுவேன்.

சில வாரங்களில் முகம் சிவந்து தோல் உரிந்தது. கிரீம் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நாத்தனார்தான் பதறினாள். "மதினி, மூஞ்சி வெந்து கெடக்கு. ஒங்களுக்கு எரியலையா?"

ராமநாதபுரத்தில் தோல் டாக்டரும் அதையே கேட்டார். "தெரியல டாக்டர்" என்றேன். கணவர் போனதிலிருந்து எனக்கு எதுவுமே உறைக்கவில்லை.

"வெயில்ல வேல பாக்குறவங்க இத ராத்திரிதான் பூசணும்" என்றார் டாக்டர்.

புண் ஆறியபின், இப்போது பொழுது சாய்ந்த பிறகே பூசுகிறேன், அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். பகலில் சன்ஸ்கிரீனும் ஓலைத் தொப்பியும் உண்டு. போன வாரம் லேசாக எரிந்தது. கழுவிவிட்டு மகளுக்குப் போன் செய்தேன். எனக்கு எதுவும் உறைக்காமல் இருந்ததை நாத்தனார் அவளிடம் முன்பே சொல்லியிருந்தாள்.

"எரியுதுடி" என்றேன். கேட்டதும் அவள் அழுதுவிட்டாள்.