தொட்டி வாயில் உட்கார்ந்த சங்கரி

காஞ்சிபுரம் செவிலிமேட்டில் சங்கரியின் வேலை என்னவென்று சரியாகச் சொல்லத் தெரிந்தவர் அவள் அப்பா குமரகுரு மட்டும்தான். பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுவது அவர் தொழில். கைகள் முழங்கை வரை எப்போதும் ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். "ரசாயனம் ஏத்திக்கினு போற கப்பல்ல ஆபீசர்" என்று அவர் சொல்வார். கேட்டவர்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, நேரே அம்மா மஹாலட்சுமியிடம் போய், "உங்க பொண்ணு தண்ணி லாரி மாதிரி இன்னாமோ ஓட்டுதாமே" என்று விசாரிப்பார்கள். அந்தத் தெருவுக்குத் தெரிந்த கப்பல்கள் இரண்டே வகை. ஒன்றில் சினிமாப் பாட்டு எடுப்பார்கள், இன்னொன்று மூழ்கும்.

பிளஸ் டூ முடித்துவிட்டுக் கப்பல் படிப்புக்கு விண்ணப்பித்தபோது, இடம் கிடைக்கக் கூடாது என்று அம்மா காமாட்சியம்மனுக்கு நெய்விளக்கு ஏற்றினாள். அம்மனுக்கு அந்த வாரம் வேறு ஜோலி இருந்திருக்க வேண்டும். இடம் கிடைத்துவிட்டது.

படித்து முடித்து, பயிற்சிக் காலமும் முடித்து, ரசாயன டேங்கர் ஒன்றில் மூன்றாம் அதிகாரியானாள் சங்கரி. ஒரே கப்பலுக்குள் வரிசையாகத் தொட்டிகள். ஒன்றில் மெத்தனால், ஒன்றில் அமிலம், இன்னொன்றில் சூரியகாந்தி எண்ணெய். விடுமுறையில் வந்தவளிடம் தாய்மாமன் தர்மன் விவரம் கேட்டார்.

"இந்தத் தடவ இன்னாமா ஏத்திக்கினு போனீங்க?"

"மெத்தனால் மாமா."

"அது இன்னாது?"

"பாக்கறதுக்குச் சாராயம் மாதிரி இருக்கும். குடிச்சா கண்ணு போயிடும்."

மாமா சற்று யோசித்தார். "ரெண்டு கண்ணுமா?"

அம்மாவின் கவலை வேறு. கப்பலில் சமையல்காரர் கோவாக்காரர். பன்றிக்கறியும் ரொட்டிப் புட்டிங்கும் அவர் கைக்கு நன்றாக வரும். வீடியோ காலில் மகளின் முகம் தெரிந்ததும் அம்மா ஆரம்பித்துவிடுவாள். "மூஞ்சி பூரி மாதிரி உப்பிக்கினு இருக்குது. இப்பிடியே போனா எவன்டி கட்டிப்பான்?" சங்கரி சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிடுவாள். கடலில் அது ஒரு சௌகரியம்.

அந்தச் சம்பவம் நடந்தபோது கப்பல் ஒரு வளைகுடாத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நின்றிருந்தது. மேல்தளத்தில் வெயில் கொளுத்தியது. ஒரு தொட்டியைக் கழுவி, காற்றோட்டம் கொடுத்து, உள்ளே ஆட்கள் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அதன் வாயருகே ரேடியோவோடு நின்று கண்காணிப்பது சங்கரியின் வேலை. பக்கத்துத் தொட்டி ஏற்கெனவே சுத்தமாகி, அடுத்த சரக்குக்காக நைட்ரஜன் நிரப்பப்பட்டிருந்தது. நைட்ரஜன் நாறாது, புகையாது, இருமவும் வைக்காது. மூச்சை இழுத்தால் காற்று மாதிரியே உள்ளே போகும். இரண்டு மூச்சில் ஆள் விழுந்துவிடுவான், ஏன் விழுந்தோம் என்றுகூடத் தெரியாமல்.

மாலுமிகளின் தலைவரான போசன் பிலிப்பைன்ஸ்காரர். கடலிலேயே தலை நரைத்தவர். துடைப்பான் ஒன்றைப் பக்கத்துத் தொட்டிக்குள் மறந்து விட்டுவிட்டது அவருக்கு ஞாபகம் வந்தது. ஒரு நிமிட வேலைதானே என்று மூடியைத் திறந்து ஏணியில் இறங்கிவிட்டார். சங்கரி திரும்பிப் பார்த்தபோது திறந்த மூடிதான் தெரிந்தது. ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள். ஏணியின் முதல் தட்டில் மஞ்சள் ஹெல்மெட்டோடு அவர் சுருண்டு கிடந்தார்.

ரேடியோவில் கத்தினாள். மற்றத் தொட்டியில் இருந்தவர்களை மேலே வரச் சொன்னாள். மூச்சுக்கருவியோடு மீட்புக் குழு வர வேண்டும். அதற்கு முன்னால் வந்து சேர்ந்தவர் அவள் மேலதிகாரியான சீஃப் ஆபீசர். பஞ்சாபிக்காரர், ஆறடி உயரம், நல்ல மனிதர். போசனோடு பல வருடம் சேர்ந்து வேலை செய்தவர். குனிந்து பார்த்தார். நண்பன் கைக்கெட்டும் தூரத்தில் கிடப்பதுபோல் தெரிந்தது. அவ்வளவுதான், மூச்சுக்கருவியாவது ஒன்றாவது, ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தார்.

சங்கரி சட்டையைப் பிடித்து இழுத்தாள். உதறினார். கையைப் பிடித்தாள். அதுவும் நிற்கவில்லை. அவருடைய பலத்துக்கு முன்னால் அவள் பலம் ஒன்றுமில்லை. ஆனால் எடை இருந்தது. கோவாக்காரர் பார்த்துப் பார்த்து வளர்த்த எடை. அவரை ஒரே இடி இடித்துத் தள்ளிவிட்டு, வட்டமான தொட்டி வாயின் விளிம்பில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள்.

அவர் இந்தியில் திட்டினார், பிறகு பஞ்சாபியில். கொலைகாரி என்றார். நீ உட்கார்ந்திருப்பது அவன் உயிர்மேல் என்றார். சங்கரிக்கு அந்த நேரத்தில் இந்தி வரவில்லை. வந்தது காஞ்சிபுரத்துத் தமிழ்தான்.

"யோவ்! ஒருத்தரு உள்ள கெடக்குறது போதாதா? நீயும் போயி உழுந்தா உன்ன யாருய்யா தூக்குறது? கிட்ட வந்த, கடிச்சிருவேன்!"

அதன்பின் வந்த சில வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அவருக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. இருந்தாலும் நின்றுவிட்டார். அவள் அழுதுகொண்டே திட்டுகிறாள் என்பது மட்டும் புரிந்திருக்கும். அடியில் கிடக்கும் மனிதர் செத்துக்கொண்டிருக்கலாம், தான் அவர் உயிர்மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்ற நினைப்போடு விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

முகமூடியும் முதுகில் சிலிண்டருமாக இரண்டு மாலுமிகள் வந்ததும்தான் எழுந்தாள். கயிறு கட்டிப் போசனை மேலே தூக்கினார்கள். நெஞ்சை அமுக்க, ஆக்சிஜன் கொடுக்க, சீஃப் ஆபீசரே முழங்காலிட்டார். போசன் ஒருமுறை விக்கினார், பிறகு வாந்தி எடுத்தார். அவ்வளவு அழகான வாந்தியைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்பாள் சங்கரி. திறந்த மூடி வழியாக ஏணியின் அந்த முதல் தட்டுவரை கொஞ்சம் காற்று இறங்கியிருந்ததால்தான் பிழைத்தார் என்று கரையில் டாக்டர் சொன்னாராம்.

சீஃப் ஆபீசர் அதற்குப் பிறகு அவளிடம் வேலை தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் ஒப்பந்தம் முடிந்து கப்பலைவிட்டு இறங்கும் நாளில் மட்டும் வந்து, போனை நீட்டினார். திரையில் அவர் மனைவி. "அவர் இறங்கியிருப்பார், எனக்குத் தெரியும். முட்டாள். நல்ல முட்டாள்," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அந்த அம்மா அழுதார். சீஃப் ஆபீசர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கம்பெனி சங்கரிக்கு ஒரு கண்ணாடிக் கேடயமும், கேடயத்தோடு போட்டோவும் கொடுத்தது. அந்த வருடம் ஆரணியிலிருந்து பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா அந்தப் போட்டோவைக் காட்டினாள். கதை முழுவதும் சொன்னாள். மாப்பிள்ளையின் அப்பா காபியைக் கீழே வைத்தார்.

"மேலதிகாரியவே புடிச்சித் தள்ளியிருக்குது. நாளிக்கி எங்க வூட்ல யார யாரத் தள்ளுமோ?"

சங்கரி வாயைத் திறப்பதற்குள் அம்மா எழுந்துவிட்டாள். "எம்பொண்ணு ஒக்காந்ததால ரெண்டு உசுரு பொழச்சிருக்குது. அவ ஒக்கார்றதுக்கு உங்க வூட்ல எடம் இல்லன்னா போங்க சார். எங்க வூட்ல சோபா இருக்குது."

அவர்கள் பஜ்ஜியைக்கூட முடிக்காமல் கிளம்பினார்கள். நீலக் கைகளோடு ஓரமாக நின்றிருந்த குமரகுரு, தட்டில் மீந்திருந்ததை எடுத்துக்கொண்டு மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அம்மா அன்று மாலை வரை பாத்திரங்களைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அவன் மூஞ்சியும் மொகரையும்" என்றாள். அத்தோடு அந்தச் சம்பந்தம் முடிந்தது.

சங்கரி இப்போது இரண்டாம் அதிகாரி. போன பயணத்தில் முழுக்கப் பாமாயில். இறக்கிய பிறகு தொட்டி கழுவுவது பெரும்பாடு, பிசுக்கு போகவே போகாது என்று போனில் புலம்பினாள். அம்மாவுக்கு மட்டும் அந்தச் சரக்கு பிடித்துவிட்டது. தெருவில் யார் கேட்டாலும், "இப்பதான் ஒழுங்கா சமைக்கிற பொருள ஏத்திக்கினு போவுறா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.