காம்பார் தோட்டத்தில் பூத்தது ரப்பர் இல்லை

எழுபதுகளின் கடைசியில், ஒரு மார்ச் ஞாயிறு, மலேசியாவில், ஈப்போவை அடுத்த குனோங் ராபாட்டிலிருந்து காம்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போனேன். காரணம் என் மனைவி கமலாவின் இழுப்பு. தோட்டத்தை ஒட்டிய பள்ளியில் அவள் ஆசிரியை. ஆண்டுதோறும் அந்தப் பருவத்தில் மூச்சுத் திணறும். வேலையை விட்டுவிடுவதாகவே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ரப்பர் பூதான் காரணம் என்று நினைத்து, தோட்டத்து ஆட்கள் ஆறு பேரிடம் அஞ்சலட்டை கொடுத்திருந்தேன். இலை எப்போது உதிர்கிறது, பூ எப்போது வருகிறது என்று வாராவாரம் எழுதிப் போடவேண்டும். சம்பளம் கிடையாது. விடாமல் எழுதியவர் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கும் செல்வி அக்கா ஒருவர்தான். அந்த மாதம் முழுக்க "பூ இல்லை" என்றே எழுதினார். கமலாவோ இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்துவிட்டாள். அக்கா மரத்தைப் பார்க்காமலே எழுதுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம்.

காலை ஏழு மணிக்கு ஈப்போவில் பஸ் ஏறினேன். காம்பாருக்குக் கட்டணம் ஒரு வெள்ளி இருபது காசு, ஒரு மணி நேரம். அங்கிருந்து மூன்று மைல் நடை. (வெயிலுக்குக் குடை கொண்டுபோகாதது என் தப்பு.)

அக்கா தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். சந்தேகத்தை மறைக்காமல் கேட்டேன். கோபப்படவில்லை.

"வாங்கண்ணே, நீங்களே பாருங்க. இலையே இப்பதான் துளிர்க்குது."

உண்மைதான். பள்ளி வேலி வரை நடந்தோம். மறுநடவுக்காக மரங்களை வெட்டிப்போட்ட நிலம் முழுக்க லாலாங் புல், இடுப்புயரம். அக்கா ஒரு கதிரை விரலால் சுண்டினார். மகரந்தத் தூள் பறந்தது.

"இது ரெண்டு வாரமா பூத்துக் கிடக்குலா."

"ஏங்க்கா எழுதல?"

"நீங்க ரப்பர் மட்டும்தானே கேட்டீங்க." விரலில் ஒட்டிய தூளை உதறிவிட்டு, "விடிகாலைல எனக்கும் நெஞ்சு இழுக்கும். பனின்னு நெனச்சேன்" என்றார்.

அவரைத் தப்பாக நினைத்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த ஆண்டு முதல், அட்டையில் நான் காலியாக விட்ட வரிகளில் புல்லைப் பற்றி அக்கா எழுதியதும், கதிர் விடுமுன்பே பள்ளிப் பக்கத்துப் புல்லை வெட்டச் செய்தோம். இழுப்பு முழுக்கப் போகவில்லை, குறைந்தது. கமலா ஓய்வு பெறும்வரை அங்கேயே வேலை பார்த்தாள்.

இப்போது அங்கே வீடமைப்புப் பகுதி. ஈப்போவிலிருந்து காரில் முக்கால் மணி நேரம். காலி மனைகளில் இன்னும் லாலாங் உண்டு; இழுப்பு உள்ளவர்கள் மருந்தோடு போங்கள். இப்படிப் பூக்கணக்கு எடுக்க நினைப்பவர்களுக்கு ஒன்று: கேள்விகளுக்குக் கீழே இரண்டு வரி காலியாக விடுங்கள். எங்களுக்கு உபயோகப்பட்டதெல்லாம் பெரும்பாலும் அந்த இரண்டு வரியில்தான் வந்தது.