சீ ஹாக்கில் பெல்ட் போட்டுவிட்டவர்

சங்கரன்கோவிலுக்குக் கடல் கிடையாது. குளத்திலேயே வருசத்தில் பாதி நாள் ஆடுதான் மேயும். அப்படிப்பட்ட ஊரில் ஒருவருக்குக் ‘கப்பல்’ பொன்னுச்சாமி என்று பெயர் விழுந்தால், ஊர் அவரை எத்தனை கேள்வி கேட்டுக் குடைந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். சொந்த ஊர் பனவடலிசத்திரம். மீசை முளைத்த வயதில் கடற்படைக்குப் போனவர், முன்தலை வழுக்கையானதும் திரும்பி வந்து, இங்கே ஒரு விசைத்தறிக் கொட்டகையில் மேஸ்திரியாகச் சேர்ந்தார். இதைக்கூட யாராவது இரண்டு தடவை கேட்டால்தான் சொல்வார்.

“பிளேன்லாம் ஓட்டினியளா அண்ணாச்சி?” என்று டீக்கடையில் ஆசையாகக் கேட்பார்கள்.

“இல்ல. ஓட்டுதவங்களுக்குப் பெல்ட் போட்டுவிட்டேன்.”

கேட்டவர் முகம் தொங்கிப்போகும். இதற்காகவா இவ்வளவு தூரம் போனார் என்று நினைத்துக்கொண்டு பேப்பரைப் புரட்ட ஆரம்பித்துவிடுவார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அந்த வேலை என்ன வேலை என்று பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

நம் கடற்படை கப்பல் தளத்திலிருந்து பறக்கவிட்ட முதல் ஜெட் சண்டை விமானம் சீ ஹாக். உள்ளே ஒரே ஒரு ஆள்தான் உட்கார முடியும். அந்த ஆள் ஏறி உட்கார்ந்ததும், பக்கவாட்டில் தொற்றிக்கொண்டு நின்று, தோளுக்கும் இடுப்புக்கும் பட்டைகளை மாட்டி, இழுத்துப் பார்த்து, தலைக்கவசத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு இறங்க வேண்டும். அதற்குப் பிறகு கண்ணாடி மூடிவிடும். அவரை யாரும் தொட முடியாது. பொன்னுச்சாமி பார்த்தது இந்த வேலைதான்.

ஜெட் இரையும்போது மேல்தளத்தில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காது. யார் எதைச் சொன்னாலும் கட்டைவிரலைத் தூக்கித் தலையாட்டிவிட வேண்டியதுதான். எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். அங்கே செய்தால் அது பழக்கம், இங்கே செய்தால் அது வினை. இடது காது அடியோடு போய், வலது காதும் அரைகுறையாகிவிட்ட பிறகும் அந்தத் தலையாட்டல் அவரை விடவில்லை. பக்கத்து வீட்டுப் பேச்சி, “ஆட்டை உங்க வீட்டு முத்தத்துல கட்டிக்கிடட்டுமா அண்ணாச்சி?” என்று கேட்டிருக்கிறாள். இவர் தலையை ஆட்டியிருக்கிறார். மனைவி முத்துத்தாய் தண்ணீர் ஊற்றி ஊற்றி வளர்த்த பிச்சிக்கொடியை அந்த ஆடு ஒரே மத்தியானத்தில் மொட்டையடித்துவிட்டது. அன்றைக்கு முத்துத்தாய் வாயிலிருந்து வந்ததெல்லாம் அவருக்குக் கேட்காமல் போனது நல்லதுதான்.

கப்பலில் லெப்டினன்ட் சங்கரசுப்பிரமணியன் என்று ஒரு விமானி இருந்தார். பாளையங்கோட்டைப் பையன். ஆபீசர்கள் முன்னால் விறைப்பாக இங்கிலீஷ் பேசுவார். பெல்ட் போடக் குனிந்தால் மட்டும், “என்ன அண்ணாச்சி, சங்கரநாராயணர் சௌக்கியமா?” என்று சங்கரன்கோவில் சாமியை விசாரிப்பார். ஊர்ப்பேச்சு கேட்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டுமே அந்த உப்புக்காற்றில்!

எழுபத்து மூன்றாம் வருசம் ஒரு காலையில் அதே மாதிரி பெல்ட் போட்டு, இழுத்துப் பார்த்து, தலையில் தட்டினார். சங்கரசுப்பிரமணியன் முகத்தைத் திருப்பிச் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். உதடு அசைந்தது. பக்கத்தில் இன்னொரு ஜெட் இரைந்துகொண்டிருந்தது. பொன்னுச்சாமி வழக்கம்போலத் தலையாட்டிக் கட்டைவிரலைக் காட்டிவிட்டு இறங்கிவிட்டார். கண்ணாடி மூடியது. தளத்தின் நுனியைத் தாண்டிய விமானம் மேலே ஏறவில்லை. அப்படியே சாய்ந்து கடலுக்குள் போனது. பொழுது சாயும்வரை தேடினார்கள். ஆள் கிடைக்கவில்லை. காரணம் இன்னதென்று பொன்னுச்சாமிக்கு யாரும் சொல்லவும் இல்லை.

மறுநாள் அவர் வேறொருவருக்குப் பெல்ட் போட்டார். கை நடுங்கவில்லை. அதுதான் அவருக்கே பயமாக இருந்தது. பிறகு அந்தப் பயமும் போய்விட்டது. அப்பா செத்தபோது கொள்ளி வைத்துவிட்டு வந்து, பசிக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டார். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய அன்று ஊரே கண்ணைத் துடைத்தது; இவர் பந்தல்காரனோடு சேர்ந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். “இந்த மனுசனுக்குள்ள என்னமோ மரத்துப்போச்சு” என்று முத்துத்தாய் தன் தங்கச்சியிடம் சொல்லி அழுதிருக்கிறாள். அவரிடம் சொல்லவில்லை.

சீ ஹாக்குக்கு வயசாகி, அதன் இடத்துக்குப் புது விமானங்கள் வந்துவிட்டன. எண்பத்து நாலில் அந்தப் பழைய விமானத்தோடு வேலை பார்த்த ஆட்களெல்லாம் கோவாவில் ஒன்று கூடினார்கள். பொன்னுச்சாமி போகவில்லை. அதே கப்பலில் விமானம் உருளாமல் சக்கரத்துக்குக் கட்டை வைத்த பீர் மைதீன், இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் கடை வைத்திருப்பவர், புதுச்சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு போய்வந்தார். வந்த சூட்டோடு தறிக் கொட்டகைக்கே வந்துவிட்டார்.

“வே பொன்னுச்சாமி, அந்தப் பாளையங்கோட்டைப் பையனோட அம்மா அங்கன வந்திருந்தாவ வே. கடைசியா பெல்ட் போட்ட ஆளு யாருன்னு ஒவ்வொருத்தர்ட்டயா கேட்டுக்கிட்டு நின்னாவ. நம்ம ஊர்லதான் இருக்கான்னு சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழம வாராவ.”

“என்னத்துக்கு?”

“என்னத்துக்கா? கடைசியா மகன் என்ன சொன்னாருன்னு கேக்கத்தான். பெத்தவ வேற என்னத்தக் கேப்பா?”

பொன்னுச்சாமி சரி என்றார். என்ன சொல்வது என்று பீர் மைதீன்தான் யோசனை பண்ணிக் கொடுத்தார். நாடு வாழ்க என்று முழங்கிவிட்டுப் போனதாகச் சொல்லிவிட வேண்டுமாம். கட்டை வைத்தவருக்குக் கதை கட்டவும் தெரியும்.

வீட்டில் முத்துத்தாய் அதை ஒத்துக்கொள்ளவில்லை. “அதெல்லாம் அந்தப் பொம்பளைக்கு எதுக்கு? அம்மான்னு கூப்பிட்டாருன்னு சொல்லுங்க. எனக்குக் கேக்கலன்னு மட்டும் சொல்லிராதிய. அவ்வளவு தூரம் வந்து, அதக் கேட்டுட்டு அந்தம்மா எப்படித் திரும்பிப் போவாவ?”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரு பொய்தான். அதைக் கொடுத்தால் ஒரு தாய்க்கு மிச்ச காலம் ஓடிவிடும். அந்த வாரம் முழுக்கப் பொன்னுச்சாமி தறிகளுக்கு நடுவே நின்று, அம்மான்னு கூப்பிட்டாரு, அம்மான்னு கூப்பிட்டாரு என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். அந்தச் சத்தத்தில் யார் காதிலும் அது விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சங்கரசுப்பிரமணியனின் அம்மா கோமதியம்மாள் குடையும் கையுமாக வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான உடம்பு. இவருக்குக் காது மந்தம் என்று பீர் மைதீன் சொல்லியிருப்பார் போல. நாற்காலியை வலது பக்கமாக நெருக்கிப் போட்டு உட்கார்ந்தார். முத்துத்தாய் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, கணவனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள்.

“அம்மா, கடைசியா அவரு…” என்று பொன்னுச்சாமி ஆரம்பித்தார்.

கோமதியம்மாள் கையை உயர்த்தித் தடுத்தார்.

“நான் அதக் கேக்க வரல. எம்புள்ள உடம்பு எனக்கு வரல. ஒரு பெட்டியும் நாலு சட்டையும்தான் வந்துச்சு. பிடிச்சு அழுறதுக்கு ஒரு விரல்கூடக் கிடைக்கல. அவன கடைசியாத் தொட்டது யாருன்னு இத்தன வருசமா நெனச்சுக்கிட்டே கிடந்தேன். நீங்கதானாமே. எங்கனெல்லாம் தொட்டிய?”

இப்படி ஒரு கேள்வி வரும் என்று வீட்டில் யாரும் நினைக்கவில்லை. பொன்னுச்சாமி தன் தோளைத் தொட்டு, “இங்கன… இங்கன ரெண்டு பக்கமும்” என்றார்.

“உங்க மேல காட்டாதிய. எனக்குப் போட்டுக் காட்டுங்க.”

அந்நியப் பெண்பிள்ளை, அதுவும் தாய் வயதில் இருப்பவரைத் தொடுவதா? அவர் முத்துத்தாயைத் திரும்பிப் பார்த்தார்.

“போட்டுக் காட்டுங்க” என்றாள் அவள்.

எழுந்து பக்கவாட்டில் நின்றார். கைகள் தாமாகவே வேலையை ஆரம்பித்தன. வலது தோள். இடது தோள். இல்லாத பட்டையை மார்புக்கு இழுத்து, இடுப்பில் பூட்டி, அந்த அம்மாளின் தோளுக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தார். “ரெண்டு விரல் போகணும்மா. அப்பத்தான் மூச்சுவிட முடியும். அவருக்குப் போச்சு. பாத்தேன்” என்றார். கடைசியில் கை நரைத்த தலைக்கு மேலே போய் அந்தரத்தில் நின்றுவிட்டது. “எல்லாம் முடிஞ்சதும் தலையில ஒரு தட்டுத் தட்டுவோம்.”

“தட்டுங்க.”

தட்டினார். கோமதியம்மாள் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கையை இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். ஒரு வாரமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய பொய் தொண்டைவரை வந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

“கடைசியா என்னமோ சொன்னாரும்மா. எனக்குக் கேக்கல.”

கதவோரம் நின்ற முத்துத்தாய் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

கோமதியம்மாள் கண்ணைத் திறக்கவில்லை. “போயிட்டு வாரேன்னு சொல்லியிருப்பான். வேற என்ன சொல்லுவான்? தெருமுனைக் கடைக்குப் போறதுன்னாக்கூட எம்புள்ள அதச் சொல்லாமப் போனதில்ல. அதுக்கு நீங்க என்ன சொன்னிய?”

“சரின்னு தலையாட்டுனேன்.”

“அப்பச் சரி” என்றார் அந்த அம்மாள். “எம்புள்ள சொல்லிட்டுப் போறதுக்கு அங்கன ஒரு ஆளு இருந்திருக்கு.”

காப்பி ஆறி ஆடை படிந்துவிட்டது. இப்போதாவது இந்த மனுசன் அழுதுவிட மாட்டாரா என்று முத்துத்தாய் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பொன்னுச்சாமிக்கு அழுகை வரவில்லை. கையை மட்டும் அவர் எடுக்கவில்லை.