காற்றடிக்காத நான்கு திங்கட்கிழமைகள்

அந்த மனிதரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். திருவொற்றியூரில் ஒரு கல்லூரியின் சின்ன ஆய்வகம். நரம்பு செல்லில் ஓடும் மின்சாரத்தைக் கம்பி குத்தாமல் கண்ணால் பார்ப்பதுதான் எங்கள் வேலை. ஜெல்லி மீனின் ஒளிரும் புரதத்துக்கான மரபணுவை, மின்னழுத்தத்தை உணரும் புரதத்தின் மரபணுவோடு ஒட்டி, எலியின் நரம்பு செல்லுக்குள் செலுத்துவோம். புரதத்தை செல்லே தயாரித்துக்கொள்ளும். மின்துடிப்பு வந்தால் ஒளி இம்மியளவு மாறும். அப்படி ஒட்டியவள் நான். இரண்டு வருட உழைப்பு.

இம்மியளவு என்பதால் மைக்ராஸ்கோப் ஆடவே கூடாது. வாசலிலோ துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள். வேகத்தடையில் ஏறி இறங்கினால் தரையே அதிரும். காலடிப்பேட்டையில் பஞ்சர் கடை வைத்திருந்த என் நைனா, அதிர்வு மேலே ஏறாமலிருக்க நான்கு ஸ்கூட்டர் ட்யூப் கொடுத்தார். ட்யூப் மேல் கருங்கல் பலகை, அதன்மேல் மைக்ராஸ்கோப். திங்கட்கிழமைதோறும் கடையின் பம்பை எடுத்துப்போய்க் காற்றடிப்பேன். எங்கள் துறைத்தலைவர் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

இந்த வேலையைப் பற்றிய கருத்தரங்குக் கட்டுரையிலிருந்து என் பெயரை அவர் எடுத்துவிட்டார். போய்க் கேட்டேன்.

"உங்க பேச்சு மேடைக்குச் சரிப்படாதும்மா. கீது, வூடுன்னு ஆரம்பிச்சீங்கன்னா மானம் போயிடும்."

"நான் பேசல சார். பேர் மட்டும் இருக்கட்டும்."

"ஒட்டுற வேலைக்கெல்லாம் பேரா?" என்று சிரித்தார்.

அடுத்த திங்கட்கிழமை பம்பைத் தொடவில்லை.

"இன்னாம்மா, கல்லுக்குக் காத்து அடிக்கிலியா? பம்பு இங்கியே கீது" என்றார் நைனா.

"வேணாம் நைனா."

நான்கு வாரத்தில் ட்யூப்கள் சப்பையாகிவிட்டன. துறைத்தலைவரின் கணினியில் துடிப்புகள் வர ஆரம்பித்தன. மனிதர் பூரித்துப்போனார். எனக்கு உள்ளங்காலிலேயே தெரிந்தது, ஒவ்வொன்றும் ஒரு லாரி.

வெளியூரிலிருந்து நிபுணர்கள் பார்க்க வந்தார்கள். திரையில் துடிப்பு எழுந்ததும் தலையாட்டினார்கள். நான் கடைசி வரிசையிலிருந்து எழுந்தேன்.

"சார், ஃபார்மலின் ஊத்தி சாகடிச்ச செல்லு ஒரு தட்டுல கீது. அதையும் வெச்சுப் பாக்கலாமா?"

வேண்டுமென்றேதான் அப்படிப் பேசினேன். நிபுணர்களில் மூத்தவர் வைக்கச் சொன்னார். காத்திருந்தோம். வாசலில் லாரி ஒன்று வேகத்தடை ஏறியது. செத்த செல் துடித்தது. துறைத்தலைவரின் முகம் வெளுத்ததை ஆற அமர ரசித்தேன்.

சப்பையான ட்யூப்களைக் காட்டினேன். காற்றடித்துவிட்டு உயிருள்ள செல்லை வைக்கச் சொன்னார்கள். பம்பு அன்று என் பையிலேயே இருந்தது. லாரிகள் போயின, ஒளி அசையவில்லை. செல்லை மின்சாரத்தால் தூண்டியபோதும் அசையவில்லை. என் புரதம் செல்லின் விளிம்புச் சவ்வுக்குப் போகாமல் உள்ளேயே தங்கிவிட்டிருந்தது. இரண்டு வருடமும் வீண்.

"இதுக்குத்தான் பேர் கேட்டீங்களா?" என்றார் துறைத்தலைவர்.

"ஆமா சார். இப்ப போடுங்க."

மூத்த நிபுணரிடம் பேனாவை வாங்கி, ஆய்வகக் குறிப்பேட்டில் தோற்றுப்போன அந்தப் புரதத்துக்கு நேரே என் பெயரை நானே எழுதினேன்.